எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை

பூட்டிக் கிடந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிற நார் ஈரமாக இருந்தது.

மற்றவர்கள் உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள், ஜன்னலைத் திறந்து வயல்வெளியைப் பார்த்தார்கள், ஆகா ஓகோ என்றார்கள். டாப்பரின் கண் மட்டும் நேராகப் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் போனது. வளர்ந்த விதம் அப்படி. ஊரார் வீட்டுப் பாத்திரம் தேய்த்து மகளைப் பட்டதாரி ஆக்கியவளின் வயிற்றில் பிறந்தவள், எந்த வீட்டுக்குப் போனாலும் தொட்டியில் என்ன கிடக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பாள். இந்தத் தொட்டி கருங்கல்லில் குடைந்தது, முழங்கை வரை போகிற ஆழம். உள்ளே ஒன்றும் இல்லை. விளிம்பில் நார் மட்டும் இருந்தது. விரல் வைத்து அழுத்தினாள். சோப்பு நுரை மெல்லப் பொங்கி அவள் மணிக்கட்டில் வழிந்தது.

"இங்க யாராச்சும் வந்து போறாங்களா மேடம்?"

"மேடத்தை ஆபீஸ்லயே கழட்டி வச்சிட்டு வந்துடுடி," என்றாள் மகாராணி, காய்கறிப் பையை மேடையில் கவிழ்த்தபடியே. "இங்க நாம ஃப்ரெண்ட்ஸ். யாரும் வர்றதில்ல. போன வருஷக் கடைசி லீவுல பூட்டினது, சாவி என் பையிலயேதான் கிடந்துச்சு."

மகாராணி என்பது பட்டப்பெயர். அலுவலகத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். டாப்பரின் பிரிவுக்கு அவள்தான் தலைவி. இந்த வீடு அவளுடைய அப்பா வழிச் சொத்து. கூட வந்திருந்தவர்கள் அவளுடைய கணவன் வக்கீலும், அவர்களோடு கல்லூரிக் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டிருக்கும் பல் டாக்டரும். டாப்பர் என்ற பெயரும் மகாராணி சூட்டியதுதான், பல்கலைக்கழகத்தில் முதலிடம் வாங்கியவள் என்று. அது பாராட்டா நக்கலா என்று டாப்பருக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் இன்றைக்கு அவள் விருந்தாளி. மகாராணி தன் வாயால் கூப்பிட்டிருந்தாள். அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருவரைத்தான் கூப்பிடுவாள்.

வருகிற வழியிலேயே டாப்பர் ஒரு முடிவு எடுத்திருந்தாள். இன்றைக்கு ஒரு எச்சில் தட்டைக்கூடத் தொடமாட்டேன். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் அவளுடைய கைக்குத் தனியாக ஒரு புத்தி இருந்தது. கூட்டம் முடிந்தால் எல்லாரும் மடிக்கணினியை மூடுவார்கள். இவள் கை டீக் குவளைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருக்கும். ஒருநாள் அப்படி அடுக்கும்போது பெரிய அதிகாரி ஒருத்தர், பேச்சை நிறுத்தாமல், அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், தன் குவளையையும் அவள் பக்கமாக நீட்டினார். இவள் வாங்கிக்கொண்டாள். அப்புறம் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கையைச் சுவரில் ஓங்கி ஓங்கி அடித்தாள். அம்மாவும் நேற்று போனில் அதையேதான் சொன்னாள். "சாப்ட்டு முடிச்சதும் தட்டைத் தூக்கிட்டு ஓடாத. உன் கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும். துரைசாணி மாதிரி உக்காந்திரு. தேய்க்கிறதெல்லாம் நான் தேய்ச்சாச்சு."

சமையல் ஆரம்பமானது. குறை சொல்வதற்கில்லை, எல்லாருமே வேலை செய்தார்கள். வக்கீல் வெங்காயம் நறுக்கி மூக்கை உறிஞ்சினான்.

"ஏன்டா, கேஸ் தோத்தப்பகூட நீ இப்படி அழலையே," என்றான் பல் டாக்டர்.

"தோத்தாலும் ஃபீஸ் வருது மாப்ள. வெங்காயம் என்ன குடுக்குது?"

பல் டாக்டர் கோழியை மூட்டு மூட்டாகப் பிரித்தான். எந்த இடத்தில் கத்தி வைத்தால் எது கழன்று வரும் என்று அவனுக்கு அத்துப்படி. எலும்பு நகர்கிற மெல்லிய சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. மகாராணி கேக்குக்கு முட்டை அடித்தாள். டாப்பர் சோற்றுக்கு உலை வைத்தாள், உருளைக்கிழங்கு தோல் சீவினாள், பூண்டு தட்டினாள். வெளியே வெயில் வயல் வரப்பில் இறங்கி மங்கியது. எண்ணெயில் மிளகு பொரிகிற வாசனை, ஈரக்கல்லின் வாசனை, அடியில் எங்கோ அந்தச் சோப்பு வாசனை. சுவரில் வண்ணக் காகிதம் தொங்க, யாரோ பாட்டுப் போட, அவளுக்கு மனசு லேசாகிக்கொண்டு வந்தது. இப்படித்தான் இருக்கும்போல, ஒருவரோடு ஒருவர் சரிசமமாக நிற்பது என்றால்.

கத்தியைத் தொட்டியில் போட்டுவிட்டு உப்பு எடுக்கத் திரும்பினாள். மறுபடி திரும்பியபோது கத்தி மேடையில் இருந்தது. கழுவித் துடைத்து, பிடி அவள் பக்கமாக வைக்கப்பட்டிருந்தது.

யார் கழுவினார்கள்? மூன்று பேரும் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, வேண்டுமென்றே ஒரு கரண்டியைத் தொட்டியில் போட்டாள். பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. அடுப்பில் உலை பொங்கியது, ஓடிப்போய் மூடியைத் தூக்கினாள். பின்னால் குழாய் திறந்து மூடிய சத்தம் கேட்டது. கரண்டி தொட்டிக்கு மேலே பலகை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீரோடு. அப்போதுதான் அவள் இன்னொன்றையும் கவனித்தாள். அந்த மூன்று பேரும் வந்ததிலிருந்து, பாத்திரத்தைத் தொட்டியில் போடும்போதுகூட, ஒரு தடவையும் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. நடைபாதையில் படுத்திருப்பவனைத் தாண்டிப் போகிறவர்கள் பார்க்காமல் போவது போல. பழகிய பார்க்காமை.

"சாப்ட்டதும் பாத்திரமெல்லாம் யாரு தேய்க்கிறது?" என்று சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

மகாராணியின் கையில் முட்டை அடிக்கும் முள்கரண்டி நிற்கவில்லை. "எங்க வீட்டுல ஒரு பழக்கம்டி. யாரும் யாரையும் எந்திரின்னு சொல்லக்கூடாது. யாருக்குத் தோணுதோ அவங்க எடுத்துப்பாங்க."

"இதுவரைக்கும் நாங்க யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்ல," என்றான் வக்கீல். "சாட்சி வேணும்னா சொல்லு, இவன் இருக்கான்."

"போன வருஷம் அந்த அக்கவுண்ட்ஸ் பொண்ணு வந்தா பாரு," என்றான் பல் டாக்டர். "தங்கமான பொண்ணு. வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் எடுத்துட்டா."

டாப்பருக்கு அவளைத் தெரியும். ஒல்லியானவள், எதைச் சொன்னாலும் சிரிப்பவள், மதியம் டிபன் பெட்டியைப் பாதி பகிர்ந்துகொள்பவள், இவளை வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டவள். போன வருடக் கடைசி விடுமுறைக்குப் பிறகு அவள் வேலைக்கு வரவே இல்லை. ஊரோடு போய்விட்டாள், கல்யாணமாம், என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

"அவ இங்க வந்தாளா? இப்ப எங்க இருக்கா?"

மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. பழைய சினேகிதர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்களே, அது.

"எங்கயாச்சும் நல்லா இருப்பா," என்றாள் மகாராணி.

சமையலறைச் சுவரில் ஒரு சின்னத் திறப்பு இருந்தது. அதன் வழியாகப் பண்டங்களை அந்தப் பக்கத்து மேசைக்கு நகர்த்தினார்கள். மெழுகுவத்தி ஏற்றினார்கள். சோறு, மிளகுக் கோழிக் குழம்பு, வறுத்த கிழங்கு, நடுவில் கேக். டாப்பர் சமைத்ததை எல்லாரும் புகழ்ந்தார்கள். கையால் பிசைந்து, விரல் நக்கி, இன்னும் கொஞ்சம் போடு என்று தட்டை நீட்டிச் சாப்பிட்டார்கள். அவளும் சாப்பிட்டாள். பல் டாக்டர் ஒரு நோயாளியின் கதை சொன்னான், பிடுங்கிய பல்லைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டவன் கதை. அவளும் சிரித்தாள். வயிறு நிறைந்தது.

சாப்பாடு முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

முதலில் அது சாதாரணமாகத்தான் இருந்தது. விருந்து முடிந்து கொஞ்ச நேரம் கை காயக் காயப் பேசிக்கொண்டிருப்பது எங்கேயும் உள்ளதுதானே. ஆனால் பேச்சு, மின்சாரம் போன விசிறி போலச் சுற்றிச் சுற்றி மெதுவானது. வக்கீல் நிறுத்தினான். பல் டாக்டர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டான், அப்புறம் எடுக்கவே இல்லை. மகாராணி புன்னகையோடு நாற்காலியில் சாய்ந்தாள். பாட்டு எப்போதோ நின்றுபோயிருந்தது. தட்டுகளில் கொழுப்பு உறைந்து வெள்ளையாக மேலே ஏடு கட்டியது, விரல்களில் சோறு காய்ந்து தோலை இழுத்தது, மெழுகுவத்தியைச் சுற்றிய பூச்சி ஒன்று குழம்பில் விழுந்து, ஒற்றைச் சிறகை அடித்து, அடித்து, நின்றது.

டாப்பரின் முழங்கால் தானாக நிமிரப் பார்த்தது. இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். மாட்டேன். அவங்க எடுக்கட்டும்.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்தை இல்லை. அவள் தட்டை.

"எந்திரிக்கலாமா?" என்றாள்.

"தாராளமா," என்றான் வக்கீல், அன்பாக. "உனக்கு எந்திரிக்கணும்னு தோணுதா?"

"இல்ல, எல்லாரும் சேர்ந்து…"

"எங்களுக்குத் தோணலையே."

"எனக்கு வீட்டுக்குப் போகணும் மேடம். அம்மா தேடுவாங்க."

"போலாமே," என்றாள் மகாராணி. "இதெல்லாம் ஒதுங்கின உடனே போலாம்." சொல்லிவிட்டு மேசையை ஒரு சுற்றுப் பார்த்தாள். விரலைக்கூட அசைக்கவில்லை.

மெழுகு வழிந்து துணியில் கட்டியது. யாரும் கண்ணைச் சிமிட்டியதாகத் தெரியவில்லை. பல் டாக்டரின் உதட்டோரத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது, துடைக்கவில்லை. பொறுமையான மனிதர்கள். காலம் காலமாகக் காத்திருந்து ஜெயித்தவர்கள். டாப்பர் பல்லைக் கடித்தாள். நானும் உட்காருவேன். விடிய விடிய உட்காருவேன். பார்க்கலாம்.

அப்போது சமையலறையில் தேய்க்கிற சத்தம் கேட்டது.

இந்த முறை ஒளிவு மறைவு இல்லை. சரக், சரக், சரக். நார் இரும்பில் உரசும் சத்தம். நடு நடுவே மூச்சு. மூக்கை உறிஞ்சுவது. நாள் முழுக்க நின்றவள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறுகிற, அம்மாவிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய, அந்தச் சின்ன முனகல்.

"உள்ள யாரோ இருக்காங்க."

"அப்படியா?" என்றான் பல் டாக்டர்.

"அழுறாங்க!"

"உனக்குக் கேக்குதுபோல," என்றாள் மகாராணி. "பாவம். ஒத்தாசைக்கு ஆள் இல்லையோ என்னவோ."

யாரும் எழுந்திருக்கவில்லை.

சரக். சரக். இரும்புச் சட்டி கல்லில் நகர்ந்தது. பிறகு ஒரு குரல், மெல்லிசாக.

"அக்கா…"

தெரிந்த குரல். டிபன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, வாங்கக்கா என்று கூப்பிட்ட குரல்.

"அக்கா, சட்டி சாயுது. புடிக்க முடியல. அக்கா…"

மேசையைப் பார்த்தாள். மூன்று முகங்களிலும் இப்போது மெல்லிய ஆவல். மனுஷங்களா நீங்க என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. எழுந்தாள். தட்டைத் தொடவில்லை. அதை அவள் வேண்டுமென்றே அவர்கள் பார்க்கச் செய்தாள்: இரண்டு கையையும் விரித்துக் காட்டி, காய்ந்த சோற்றோடு, வெறுங்கையாகத்தான் எழுந்தாள். நான் எச்சில் எடுக்கப் போகவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு வரப் போகிறேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வாசல் வழியாக, வயல் வழியாக, நடந்தே போய்விடுவோம்.

சமையலறையில் விளக்கு இல்லை. ஜன்னல் வெளிச்சம் மட்டும்.

அந்த அக்கவுண்ட்ஸ் பெண் நின்றுகொண்டிருந்தாள். முதுகு. அலுவலகத்துக்குப் போட்டு வருகிற அதே இளநீலச் சட்டை, இடுப்பு வரை நனைந்து ஒட்டி. முழங்கை வரை தண்ணீருக்குள். இரும்புச் சட்டி விளிம்பில் சாய்ந்து, இதோ விழப்போகிறது.

"வந்துட்டீங்களாக்கா."

டாப்பர் ஓடிப்போய் சட்டியின் அந்தப் பக்கத்துக் காதைப் பிடித்தாள்.

அந்தப் பெண் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டாள்.

அவ்வளவுதான்.

சட்டி முழுகியது. அதோடு டாப்பரின் இரண்டு கையும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலி போல. கையை இழுத்தாள். வரவில்லை. உள்ளே யாரும் பிடித்திருக்கவில்லை. எதுவும் கட்டியிருக்கவில்லை. வரவில்லை, அவ்வளவே. அவள் கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. அது ஒருநாளும் கேட்டதில்லை. அடியில் துழாவியது. நாரைக் கண்டுபிடித்தது. தேய்க்க ஆரம்பித்தது.

அந்தப் பெண் தன் கைகளை வெளியே எடுத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். ஊறி, வெளுத்து, நுனியில் தோலே இல்லாத விரல்கள். துடைக்கும்போது துணியில் எலும்பு உரசியது. மன்னிச்சுக்கோங்கக்கா என்று சொல்லப் போகிறாள் என்று டாப்பர் காத்திருந்தாள். அவள் தலைமுடியைச் சரி செய்துகொண்டாள். சட்டையை இழுத்துவிட்டாள். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

சுவர்த் திறப்பின் வழியாக மேசை தெரிந்தது.

"வா வா வா!" மகாராணி எழுந்து நின்று கட்டிக்கொண்டாள். "எவ்வளவு நாளாச்சுடி! உக்காரு."

அந்தப் பெண் டாப்பரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். டாப்பரின் தட்டை ஓரமாகத் தள்ளினார்கள். புதுத் தட்டு வந்தது. சோறு வந்தது. அவள் அள்ளினாள். விரல் இடுக்கில் எல்லாம் கொட்டியது. மறுபடி அள்ளினாள். கொட்டியது. பல் டாக்டர் சிரித்தான். வக்கீல் சிரித்தான். கொஞ்சம் தயங்கி, அவளும் சிரித்தாள்.

"மேடம்!" என்று கத்தினாள் டாப்பர். "மேடம், கை வரல!"

மகாராணியின் முகம் திறப்பில் தெரிந்தது. கண் தொட்டியைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை.

"என்னம்மா? மெதுவா பண்ணு. நாங்க ஒண்ணும் சொல்லலையே."

தட்டுகள் வந்தன. திறப்பின் வழியாக, ஒன்றன்பின் ஒன்றாக. வக்கீலுடையது. பல் டாக்டருடையது. மகாராணியுடையது. பூச்சி மிதந்த கிண்ணம். டாப்பர் சாப்பிட்ட தட்டு. எடுத்துக் கொடுத்தது அந்தப் பெண். கடைசித் தட்டைக் கொடுத்துவிட்டு ஒரு கணம் நின்றாள். குனிந்தாள். குரலைத் தாழ்த்தி, ஆனால் மேசையில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படியாக, சொன்னாள்.

"அடியில ஒட்டியிருக்கு பாரு. நாரு போட்டா போகாது. நகத்தால சுரண்டு."

அப்புறம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சுரண்டியது. கை.

வலித்தது. கத்தினாள். நிறுத்தவில்லை. சட்டியின் அடியில், காந்திப்போன கறுப்பில், அழுத்தி, அழுத்தி. நுரை இளஞ்சிவப்பானது. அந்தப் பக்கம் கேக் வெட்டினார்கள். யாரோ பாட்டுப் போட்டார்கள். நுரை சிவப்பானது. ஏதோ ஒன்று, லேசானது, சுண்டுவிரலிலிருந்து கழன்று, தண்ணீரின் மேல் வந்து மிதந்தது.

ஒரு கை தேய்த்துக்கொண்டே இருந்தது. இன்னொரு கை அதை எடுத்தது. குழாயில் காட்டி அலசியது. தொட்டிக்கு மேலே, கரண்டிகள் காய்கிற பலகையை நோக்கி உயர்ந்தது. அங்கே, கரண்டிகளுக்குப் பின்னால், சுவரோரமாக, நகங்கள் காய்ந்துகொண்டிருந்தன. நீளமாக, ஒரே வரிசையில். சின்னதும் பெரிதுமாக, சிலவற்றில் பூசிய சாயம் போகாமல், அழுக்கில்லாமல், பளிச்சென்று.

கை தன்னுடையதை வரிசையின் கடைசியில் வைத்தது. கோணலாக இருந்தது. நேராக்கியது. அடுத்த தட்டை எடுத்தது.